ஏரிக்குள் வைத்த ஊர்

வெற்றிச்செல்வி படித்தவள் என்பதற்கான அத்தாட்சி முழுவதும் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு டயர்க்கடையின் மாடியில், இன்னொருவருடைய பீரோவுக்குள் இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சிவில் டிப்ளமோ, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாம் பச்சை நிற பிளாஸ்டிக் கோப்பு ஒன்றில். பீரோவின் சாவி முதலாளி அரங்கநாதனின் இடுப்பில்.

அரங்கநாதன் கெட்டவர் அல்லர். சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு நாள் கத்திவிட்டுப் போயிருக்கலாம். வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன நிறுவனங்களில் வழக்கம். ஆள் பாதியில் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான். வாங்கியதை அவர் அலட்சியமாகவும் வைக்கவில்லை. ஆடிக்கு ஒரு தரம், தைக்கு ஒரு தரம் பீரோவைத் திறந்து அந்துருண்டை மாற்றுவார். "உன் வூட்டுல இருந்திருந்தா இந்நேரம் கரையான் தின்னுருக்கும்மா" என்பார். அதில் உண்மையும் இருந்தது.

2004 ஜூனில் அவள் சேர்ந்தபோது, "ப்ராஜெக்ட் முடிஞ்சதும் வாங்கிக்க. ஆறே மாசம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதம் மூன்று வருடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ப்ராஜெக்ட் என்பது பெரம்பலூர் மாவட்டத்தைக் கம்ப்யூட்டருக்குள் வரைவது. ஓர் அரசு அலுவலகத்துக்காக ஒவ்வொரு குடியிருப்பையும் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளி இருக்கிற இடத்தைப் பார்த்துக் குடிநீர்த் தொட்டி கட்டுவார்கள். புள்ளி இல்லாத இடத்தில் மனிதர்களுக்குத் தாகம் எடுக்காது என்பது ஏற்பாடு.

முதல் இரண்டு வருடம் பழைய நில வரைபடங்களை ஸ்கேன் செய்து, மவுஸால் கோடு கோடாக நகலெடுத்தாள். அந்த வரைபடங்களில் ஊர்த்தெருக்கள் இருந்தன, கோயில் இருந்தது, இடிந்த கிணறுகூட இருந்தது. ஊரைத் தாண்டி வயலோரத்தில் கூலிவேலைக்காரர்கள் குடியிருந்த இடங்கள் மட்டும் இல்லை. என்றோ அளக்க வந்தவர்கள் ஊர்த்தெருவோடு அளவுச் சங்கிலியைச் சுருட்டிவிட்டார்கள். வெற்றிச்செல்வி பிறந்த நாவல்மேடும் அப்படித்தான். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஐம்பத்தெட்டு வீடு, ஒரு மாரியம்மன், ஒரு பாலர் பள்ளி. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளைத்தாள்.

2006இல் அலுவலகத்துக்கு பிராட்பேண்ட் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, அரங்கநாதன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தன் வீட்டு மொட்டைமாடியைத் தேடிக் கண்டுபிடித்து, காயப்போட்ட வேட்டி தெரிகிறதா என்று பார்த்தார். படம் விசித்திரமாக இருந்தது. மாவட்டத்தின் நடுவில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு. மேற்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வெள்ளை வெள்ளையாக, லாரியைக்கூட எண்ணலாம். கிழக்கே எல்லாம் கீரை மசியல். நாவல்மேடு மசியலுக்குள் இருந்தது.

அப்படியும் இப்படியுமாக எல்லாம் முடிந்து, இடம் தெரியாத நாற்பத்தொரு குடியிருப்புகள் மட்டும் மிச்சம் நின்றன. அவற்றை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அரங்கநாதனுக்கு மிச்சம் இருக்கும்வரைதான் ப்ராஜெக்ட்.

2007 தீபாவளிக்கு முந்தின வாரம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. பதிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அரசுத் துறையில் வரைவாளர் பணி. நவம்பர் இருபத்தொன்பது, திருச்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்கள் இல்லாமல் வருபவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள். இந்த வாக்கியத்தின் கீழே மட்டும் கோடு போட்டிருந்தது.

கார்டை அரங்கநாதன் இரண்டு தரம் படித்தார். உண்மையாகவே மகிழ்ந்தார்.

"அடி சக்கை! கவர்மெண்டு வேலையா? ஒங்கப்பா இருந்து பாக்கக் குடுத்து வைக்கலியேம்மா."

"ஒரிஜினல் கேக்கறாங்க சார்."

"கேக்கத்தான் செய்வாங்க. ஜெராக்ஸ நம்பி வேல குடுப்பாங்களா? அங்கல்லாம் கரெக்டா இருப்பாங்க." அரசாங்கத்தைப் பாராட்டி முடித்துவிட்டுக் கேட்டார்: "எத்தன புள்ளி பாக்கி?"

"நாப்பத்தொண்ணு சார்."

"முடிச்சிரு. ஆபீஸ்ல முடிஞ்சதுன்னு லெட்டர் குடுத்த அன்னிக்கே கோப்ப எடுத்துக்க. நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்?"

புள்ளி வைப்பதில் சிரமம் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் சிரமம். அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ராசாங்கம் என்று ஒருவர் இருந்தார். சர்வேயராக ஓய்வு பெற்று, மறுபடியும் தொகுப்பூதியத்தில் அதே நாற்காலிக்கு வந்தவர். படிவத்தில் ‘ஆதாரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அச்சான வரைபடம் ஏதாவது இருந்தால்தான் அதை நிரப்ப முடியும். அச்சான வரைபடத்தில் இல்லாததால்தான் இந்த நாற்பத்தொன்றும் பாக்கி. இந்த முடிச்சைப் போட்டவர் யாரென்று தெரியவில்லை; அவிழ்க்கும் பொறுப்பு மட்டும் வெற்றிச்செல்விக்கு.

"நாவல்மேட்டுக்கு ஆதாரம்?" என்றார் ராசாங்கம்.

"நான் பொறந்த ஊரு சார்."

"பொறந்தது ஒரு ஆதாரமா பாப்பா? நீ பொறந்ததுக்கே சர்டிபிகேட் கேப்பாங்க."

"ஊர்ல எங்கம்மா இருக்காங்க. போன் போட்டுத் தரவா?"

"ஒங்கம்மா எந்த ஆபீஸ்?"

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே இணையத்தைத் துழாவியவள், யார் வேண்டுமானாலும் பேர் எழுதலாம் என்று திறந்துவிட்டிருந்த ஒரு வரைபடத்தைக் கண்டாள். பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவன் ‘என் காதலி வீடு’ என்று குறித்து வைத்திருந்தான். கிழக்கே நகர்ந்தாள். மசியலுக்குள் போனாள். குளம்போல் ஒரு நிழல், அதற்குப் பக்கத்தில் ஒரு வெளிர்த்த திட்டு, திட்டின் குறுக்கே ஒற்றையடித் தடம். மீன்சுருட்டி பஸ்ஸை விட்டு இறங்கி ஆயிரம் தரம் நடந்த தடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் போவாள். திட்டுக்குள் தடம் மங்கி முடிகிற இடத்தில் அழுத்தினாள். பெட்டி திறந்தது. ‘நாவல்மேடு’ என்று எழுதினாள். ஒரு நிமிடம் கழித்து, உலகத்தில் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படியாக நாவல்மேடு வந்துவிட்டது. கையில் இருந்த சோறு காய்ந்துபோயிருந்தது.

கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுநாள் போனாள்.

ராசாங்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "நெட்டுலயே வந்துருக்கே! இத மொதல்லயே காட்டறதுக்கு என்ன?"

கையெழுத்துப் போட்டார். பெற்ற தாய் சொன்னால் செல்லாத ஊர், மகள் தட்டச்சு செய்து அச்சடித்துக் கொண்டுபோனால் செல்லுபடியானது. வெற்றிச்செல்விக்கு அன்று சிரிப்பு வந்தது. பொய்யும் இல்லை, ஊர் இருக்கத்தானே செய்தது.

மற்ற நாற்பதும் அதே வழியில் நடந்தன. அந்த நாற்பதில் அவள் ஒழுங்காகவே உழைத்தாள். ரேஷன் கடைக்காரர், பஞ்சாயத்து கிளார்க், டீக்கடை என்று ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பேருக்குப் போன் போட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை பர்லாங், எந்தக் கைப்பக்கம், பனைமரம் எத்தனை என்று கேட்டு, ஒத்துவந்தால்தான் புள்ளி. தா.பழூர் பக்கம் ஒரு குடியிருப்புக்காக மூன்று பேரைச் சண்டை போடவிட்டு உண்மையைக் கறந்தாள். யாரையும் கேட்காமல் வைத்தது ஒன்றே ஒன்று, சொந்த ஊர்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி நாற்பத்தொன்றிலும் கையெழுத்தாகிவிட்டது. "வெள்ளிக்கிழமை லெட்டர். லெட்டர் ஒரு கையில, கோப்பு ஒரு கையில" என்றார் அரங்கநாதன். வெள்ளிக்கிழமை இருபத்து மூன்று. அதற்குப் பிறகும் ஆறு நாள் இருக்கிறது. வெற்றிச்செல்வி திருச்சிக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை இணைய வரைபடத்தைத் திறந்தபோது, நாவல்மேடு என்ற பெயருக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். குவைத்திலிருந்து, ஆங்கில எழுத்தில் தமிழ்: "இந்த மேப் போட்ட மகராசன் யாரு? எங்க ஊரு பெரிய ஏரி நடுவுல கெடக்கு. எங்க ஆத்தா இப்ப வூட்டுல இருக்காங்களா, பரிசல்ல இருக்காங்களா?"

முதலில் கோபம் வந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், பழைய நில வரைபடத்தை மேலே விரித்துப் பார்த்தாள். வானத்திலிருந்து படம் எடுத்தது கோடையில். கோடையில் ஏரி வற்றும். வற்றிய ஏரிக்குள் குறுக்கே நடந்தால் பஸ் நிறுத்தம் பாதி தூரம், ஊரே அப்படித்தான் நடக்கும். மாசியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் நடந்து நடந்து தடமே ரோடு மாதிரி வெளுத்துவிடும். அவள் பின்பற்றிப் போனது அந்தத் தடத்தை. நிழல்போல் தெரிந்த குளம் ஏரியின் கடைசிக் குட்டை. ஊர் என்று அவள் நினைத்த வெளிர்த்த திட்டுதான் ஏரி. ரோட்டில் வருகிற வெளியூர்க்காரன் ஒருவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. இதைச் செய்ய நாவல்மேட்டில் பிறந்திருக்க வேண்டும்.

அம்மா செல்வம்மாளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, ஏரியில தண்ணி இருக்கா?"

"இருக்காவா? கரை தளும்புது. கடலாட்டம் கெடக்கு. ஏன் புள்ள, திடீர்னு ஏரி மேல அக்கற?"

"சும்மாதாம்மா. குடிதண்ணிக்கு?"

"அதுக்கு வழக்கம்போல ஊர்த்தெரு பைப்புதான். அவங்க புடிச்சு முடிக்கணும், பொறவு நாங்க. சுத்தித் தண்ணி நிக்கிது, குடிக்கறதுக்குக் கொடத்தோட நிக்கிறோம். நீ என்னமோ மேப்பு போடறேன்னியே, அதுல டாங்கி வருமா வராதா?"

"வரும்மா" என்றாள் வெற்றிச்செல்வி. நீர்நிலைக்குள் விழுகிற புள்ளிகளைக் கம்ப்யூட்டரே பொறுக்கி, ‘குடியிருப்பு இல்லை’ என்று தள்ளிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கான கட்டளையை எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

தப்பைச் சொன்னால் கோப்பு திரும்பி வரும். திரும்பி வந்தால் வெள்ளிக்கிழமை லெட்டர் இல்லை. இருபத்தொன்பதாம் தேதி பீரோ திறக்காது. ஒன்பது வருடத்துக்கு ஒரு தரம் வருகிற கார்டு அடுத்த தரம் வரும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். சொல்லாவிட்டால் அவள் தப்பித்தாள், ஊர் மூழ்கிற்று. அன்று அவள் இணையத்தில் மட்டும் புள்ளியை ஏரிக்கரைக்கு வடக்கே, இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்தினாள். அங்கே நகர்த்துவதற்கு யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை ராசாங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு புள்ளிய தப்பா வச்சுட்டேன். நாவல்மேடு."

"அதுதான் பாஸாயிருச்சே."

"பாஸானது ஏரிக்குள்ள சார்."

"யாரு சொன்னது?"

"எங்கூருக்காரரு ஒருத்தரு. குவைத்துல இருக்காரு."

"குவைத்துல ஒக்காந்துகிட்டு மீன்சுருட்டி ஏரிய அளக்கறானா?" ராசாங்கம் குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு பாப்பா. நெட்டுல இருக்குன்னுதான் நான் கையெழுத்துப் போட்டேன். நெட்டு தப்புன்னா மத்த நாப்பதுக்கும் ஆதாரம் போச்சு. அம்புட்டுலயும் என் கையெழுத்து இருக்கு. பேசாம விடு. ஏரி வத்துனா சரியாயிரும்."

"வத்தாட்டி சார்?"

"நம்ம ஊர்ல வத்தாத ஏரி எது?"

வெற்றிச்செல்வி அவர் மேசையிலிருந்தே ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். நாவல்மேடு குடியிருப்பின் புள்ளி என்னால் தவறாகக் குறிக்கப்பட்டது, திருத்த வேண்டுகிறேன் என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தாள்.

"நீயே ஒன் தலையில அள்ளிப் போட்டுக்கற" என்று சொல்லிவிட்டு ராசாங்கம் தாளைக் கோப்பில் செருகினார். எழுத்தில் வந்ததை வாங்கமாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவருக்குப் பணிக்காலத்திலேயே இருந்ததில்லை.

அந்தத் தாளை யாரும் படிக்கவில்லை. மறுநாள், நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி, அரியலூர் தனி மாவட்டமானது. ஏற்கெனவே 2001இல் ஒரு தரம் பிரிந்து, அடுத்த வருடமே வந்து ஒட்டிக்கொண்ட மாவட்டம்தான், மறுபடியும் பிரிந்தது. அரியலூரில் வெடி போட்டார்கள். பெரம்பலூர் அலுவலகத்தில் எல்லாக் கோப்புகளையும் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மாவட்டத்துக்குப் போட்ட வரைபடம் இனி எதற்கு?

அரங்கநாதன் படி ஏறி வரும்போதே கூவினார். "செல்வி, ஒரு ப்ராஜெக்ட்டு போயி ரெண்டு ப்ராஜெக்ட்டு! பெரம்பலூருக்கு ஒண்ணு, அரியலூருக்கு ஒண்ணு. எல்லாம் மொதல்லேருந்து!"

நாவல்மேடு பிழைத்தது. புதிதாக வரைகிற மேப்பில் அதைக் கரைக்குமேல் வைக்கலாம், எவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஊரைக் காப்பாற்றிய அதே ஆணைதான் அவளைப் பீரோவோடு சேர்த்துப் பூட்டியது.

"அப்ப லெட்டரு சார்?"

"முடியாத வேலைக்கு லெட்டர் எப்படிம்மா தருவாங்க?"

"எத்தன நாளாகும்?"

"ஒண்ணுக்கே மூணு வருசம் இழுத்துச்சு. ரெண்டுன்னா... நீயே கணக்குப் போட்டுக்க."

அவள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அதன் தாலுகாப் பெயர் ஏற்கெனவே பதிந்திருந்தது. தாலுகாவை வைத்துப் பிரித்தால் புள்ளிகள் தாமாகவே இரண்டு கூட்டமாகப் போய்விடும். சனிக்கிழமை காலை ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு மாவட்டமும் தயார். நாவல்மேட்டைக் கரைக்கு ஏற்றி, திருத்திய இணையப் படத்தை ஆதாரமாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு சிடியில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அரங்கநாதனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த காரணம் ஒன்று கிடைக்கும். காரணங்களுக்குப் பஞ்சம் வந்து அவள் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை, "ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க சார். சாயந்தரமே கொண்டாந்து வச்சிடறேன்" என்று கேட்டாள்.

அரங்கநாதன் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டார். கடைசியில் அவருடைய நல்ல மனசு வென்றது. "போற வழியில தொலைஞ்சு போச்சுன்னா? நானே கூட வரேன்."

அப்படித்தான் இருபத்தொன்பதாம் தேதி வெற்றிச்செல்வியின் படிப்பு அரங்கநாதனின் ரெக்சின் பைக்குள் உட்கார்ந்து திருச்சிக்குப் போனது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. ஓரத்தில் அவள், மறு ஓரத்தில் அவர், நடுவில் பை. திருச்சி அலுவலகத்து வாசலில் பச்சைக் கோப்பை எடுத்து அவளிடம் நீட்டியவர், பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பெண்ணின் தகப்பனார் அவரைப் பார்த்து, "பொண்ணா?" என்று கேட்டார். "எங்க ஸ்டாஃபு" என்றார் அரங்கநாதன் பெருமையாக. "தங்கமான புள்ள. விடறதுக்கு மனசே வரல."

உள்ளே கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அதிகாரி ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், டிக் அடித்தார். "அந்துருண்ட வாசன அடிக்குதே. பத்தரமா வச்சிருக்கீங்க" என்றார். "ஆர்டர் வூட்டுக்கு வரும். சேரும்போது இதே ஒரிஜினலோட வந்துருங்க." கோப்பு அவள் கையில் திரும்பியது.

வெளியே வந்தாள். அரங்கநாதன் எழுந்து கையை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டாள். யாரும் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. மூன்று வருடமாகக் கேட்டே பழகிய கைக்கு, வைத்துக்கொள்வது எப்படி என்று தெரியவில்லை. பஸ் ஏறி சமயபுரம் தாண்டும் வரைக்கும் அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாடாலூரில் வண்டியை ஓரம் கட்டி, "அஞ்சு நிமிசம், டீ குடிக்கறவங்க குடிங்க" என்றார் கண்டக்டர். அரங்கநாதன் ஜன்னலோரமாக வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை பையின் பிடியில். ஜிப் அவள் பக்கம் இருந்தது.

அவள் அவசரப்படவில்லை. ஜிப்பை ஒரு பல், ஒரு பல்லாக இழுத்தாள். பச்சைக் கோப்பை வெளியே எடுத்தாள். அந்த இடத்தில் சிடியை வைத்தாள். டிக்கெட்டின் பின்பக்கத்தில், ‘ரெண்டு மாவட்டமும் இதுல முடிஞ்சிருக்கு சார்’ என்று எழுதி அதன்மேல் வைத்து ஜிப்பை மூடினாள். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்படியால் இறங்கினாள். டீக்கடைக் கூட்டம் ஏறியது. விசில் ஊதினார்கள். பஸ் பெரம்பலூர் பார்த்துப் போய்விட்டது.

ரோட்டோரத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மாளிடம் கேட்டாள். "பெரம்பலூர் போகாம, கொளக்காநத்தம் வழியா அரியலூருக்கு பஸ் இருக்காங்க?"

"ரோடு இருக்கு."

ரோடு இருப்பது அவளுக்குத் தெரியும். அவளேதான் வரைந்தாள். பஸ் இருக்கிறதா என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

"மினி பஸ்ஸு ஒண்ணு வரும், டிரைவருக்கு மனசு இருந்தா. ஒக்காரு ஆயி, நிக்காத."

உட்கார்ந்தாள். பழக்கூடையிலிருந்து ஈ எழுந்து உட்கார்ந்தது. பத்து நிமிடம் கழித்து செல்போன் அடித்தது. அரங்கநாதன்.

"செல்வி! எங்கம்மா இருக்க? முழிச்சுப் பாக்கறேன், சீட்டுல ஆளக் காணும். பாடாலூர்ல வண்டிய வுட்டுட்டியா?" குரலில் நிஜமான பதற்றம். "ஒண்ணும் பயப்படாத. அடுத்த வண்டியில ஏறி வா. உன் ஒரிஜினல் பத்திரமா என்கிட்டதான் இருக்கு."

வெற்றிச்செல்வி கோப்பின் பட்டனை ஒருமுறை திறந்து மூடினாள்.

"சரிங்க சார்," என்றாள். "எதுக்கும் பையத் தொறந்து ஒரு தடவ பாத்துக்கங்க."